காட்டும் உபகாரமும் அறிவின் முன்னிபந்தனையும்: மெய்கண்டாரைக் காண்டுக்கு அருகே வைத்தல் பற்றி ஒரு மறுபார்வை

மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டினர். இம்மானுவல் காண்ட் பதினெட்டாம் நூற்றாண்டினர். 'காண்ட் சொன்னதை மெய்கண்டார் ஐந்நூறு ஆண்டுக்கு முன்னரே சொல்லிவிட்டார்' என்னும் கூற்றைச் சைவ மேடைகளில் மட்டுமன்றிக் கருத்தரங்குகளிலும் கேட்கிறோம். கேட்பதற்கு இனிய கூற்றுத்தான். ஆனால் அதன் விளைவை எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஒருவர் சொன்னதையே மற்றொருவரும் சொல்லியிருப்பின் இருவரில் ஒருவரைப் படித்தாற் போதும். உலகப் பல்கலைக்கழகங்கள் காண்டையே படிக்கும். மெய்கண்டார் அடிக்குறிப்பில் ஒரு பெயராக நிற்பார். ஆகவே இப்புகழுரை சிவஞானபோதத்தைப் படிக்க வேண்டாம் என்பதற்கு ஓர் அனுமதிச்சீட்டாகவே முடிகிறது. இவ்வொப்பீடு உருவான வழியையும், அதனுள் மெய்யாகவே ஒப்பிடத்தக்கது யாது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொற்சிக்கல். 'டிரான்சென்டென்ட்', 'டிரான்சென்டென்டல்' என்னும் இரு சொற்களையும் காண்ட் வேறுபடுத்தி ஆளுகிறார். முன்னது அனுபவ எல்லையைத் தாண்டி நிற்பது. பின்னது அனுபவம் நிகழ்வதற்கே எவை முன்னரே வேண்டப்படுகின்றன என்னும் ஆராய்ச்சியைக் குறிப்பது. ஒன்று எல்லைக்கு அப்பால். மற்றொன்று எல்லைக்கு இப்பால், அறிவின் அடித்தளத்தில். தமிழில் இவ்விரண்டும் 'கடந்தநிலை' என்றும் 'அனுபவாதீதம்' என்றும் ஒரே சொல்லால் பெயர்க்கப்பட்டு வந்துள்ளன. மகரிஷி மகேஷ் யோகியின் தியானமுறை 'ஆழ்நிலைத் தியானம்' எனத் தமிழில் பரவிய பின்னர், 'ஆழ்நிலை' என்பதும் அவ்வரிசையிற் சேர்ந்துகொண்டது. கடவுள் என்னும் சொல்லுக்கே 'கடந்து உள்ளவர்' எனப் பொருள் கூறிப் பழகிய நமக்குக் 'கடந்தநிலை அறிவுக்கொள்கை' என்றவுடன் கடவுளைப் பற்றிய அறிவு என்றே தோன்றுவதில் வியப்பில்லை. காண்டின் நூலோ கடவுளைப் பற்றிய அறிவு மனிதர்க்கு இயலாது என்று முடிப்பது! இக்கட்டுரையில் 'டிரான்சென்டென்டல்' என்பதனை 'முன்னிபந்தனை' என்னும் சொல்லால் வழங்குகிறேன். அழகிய சொல் அன்றாயினும் குழப்பம் தராத சொல்.

1781இல் வெளிவந்து 1787இல் திருத்தம் பெற்ற 'தூய அறிவின் திறனாய்வு' கூறுவதைச் சுருங்கச் சொல்லலாம். கணிதமும் இயற்கை அறிவியலும் உண்மையான அறிவைத் தருகின்றன. அவ்வறிவு எவ்வாறு இயலுவதாயிற்று? இடமும் காலமும் நம் புலனுணர்வின் வடிவங்கள். காரணம், பொருண்மை முதலான பன்னிரு வகைமைகள் நம் அறிவின் வடிவங்கள். இவை யாவற்றையும் 'நான் எண்ணுகிறேன்' என்னும் ஓர்மை ஒன்றாகப் பிணிக்கிறது. இவை இன்றி அனுபவம் என்பதே இல்லை. எனவே பொருள்கள் நமக்குத் தோன்றுமாற்றை அறிகிறோம். அவை தம்மளவில் எத்தகையன என்பதை எண்ணலாம், அறிதல் இயலாது.

இக்காண்ட் தமிழர்க்கு நேரே வந்து சேரவில்லை. ஆங்கிலத்தின் வழியாக, அதுவும் இலண்டனில் அச்சான நூல்களின் வழியாக வந்தார். காண்டை ஆங்கில இலக்கிய உலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் கோலரிட்ஜ். வடஇலண்டனில் ஹைகேட் மேட்டில் வாழ்நாளின் இறுதிப் பதினெட்டு ஆண்டுகளைக் கழித்தவர் அவர். (அப்பகுதியில் இன்று ஈழத்தமிழர் திரளும் முருகன் கோயில் நிற்பது வரலாற்றின் விளையாட்டு.) காண்ட் வரையறுத்துச் சொன்ன பகுத்தறிவைக் கோலரிட்ஜ் ஆன்மிகக் காட்சியாக உயர்த்திக்கொண்டார். அவர் வழியாக அமெரிக்க எமர்சனிடம் சென்ற அச்சொல் அங்கே ஞானிகளின் உள்ளொளிக்குப் பெயராயிற்று. பின்னர் வந்த டி. எச். கிரீன் என்னும் ஆக்ஸ்போர்டு அறிஞர், 1883இல் வெளியான தம் ஒழுக்கவியல் நூலில், காண்டின் ஓர்மையை நித்தியமான ஒரு பேரறிவாக்கி, அதுவே மனித அறிவுகளில் தன்னைத் தானே வெளிப்படுத்திக்கொள்கிறது என்றார். பிரித்தானியக் கருத்துமுதற் கொள்கை எனப்படும் இம்மரபே இந்தியப் பல்கலைக்கழக வகுப்பறைகளில் மேலோங்கியிருந்த காலத்தில்தான் சைவசித்தாந்தத்தை ஆங்கிலத்தில் எழுதும் முயற்சி வலுப்பெற்றது.

ஹோய்சிங்டன் பாதிரியார் 1854இல் அமெரிக்கக் கீழைக்கலைக் கழக இதழில் சிவஞானபோதத்தை வெளியிட்டதும், ஜே. எம். நல்லசுவாமிப் பிள்ளை 1895இல் மொழிபெயர்த்ததும் முன்னோடி முயற்சிகள். அவற்றைத் தொடர்ந்து, யாழ்ப்பாணத்துச் சு. சிவபாதசுந்தரம் எழுதிய சைவசமய நூல் 1934இல் இலண்டன் ஆலன் அன்ட் அன்வின் பதிப்பாகவும், வயலட் பரஞ்சோதியின் மெய்கண்ட சாத்திர ஆய்வு 1938இல் இலண்டன் லூசாக் பதிப்பாகவும் வந்தன. லூசாக் புத்தகசாலை பிரித்தானிய அருங்காட்சியகத்தின் எதிரே கிரேட் ரஸ்ஸல் தெருவில் இருந்தது. பார்னெட்டும் போப்பும் தொகுத்த தமிழ் நூற்பட்டியலை 1909இல் வெளியிட்ட அருங்காட்சியகம் அதுவே. இந்நூல்களின் தொண்டு பெரிது. தமிழறியாதவர்க்குச் சித்தாந்தம் என ஒன்று உண்டு என்பதை நிறுவியவை இவையே. ஆயினும் இக்காலத்து ஆங்கில வாசகர்க்குப் பழகிய சொற்களஞ்சியம் கிரீனுடையது. அச்சொற்களில் எழுதும்போது சித்தாந்தம் கிரீனின் சாயலைப் பெறுவது தவிர்க்க அரிது. மெய்கண்டாரோடு ஒப்பிடப்பட்ட காண்ட் இவ்வாறு ஏற்கெனவே பாதி சமயவாதியாக்கப்பட்ட காண்ட். இருவரும் ஒத்திருப்பதாகத் தோன்றியதற்கு இதுவே பெருங்காரணம் எனக் கருதுகிறேன்.

இனி மூலத்துக்குச் செல்வோம். சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரம்; அவற்றை விரிக்கும் வார்த்திகத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு வெண்பா என்னும் வாத உறுப்புகள் முறையாக அமைந்துள்ளன. இது பக்திப் பனுவல் அன்று, வாத நூல். இந்த எளிய உண்மையே ஒப்பீட்டு நூல்கள் பலவற்றில் மறைந்துபோகிறது. கொள்கைகளை எடுத்து அடுக்கிக் காட்டுகின்றன. அவற்றுக்குச் சொல்லப்பட்ட ஏதுக்களை எடைபோடுவதில்லை. வி. பொன்னையா 1952இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாகச் சித்தாந்த அறிவுக்கொள்கையைத் தனிநூலாக எழுதியதும், க. சிவராமன் 1973இல் சைவத்தை மெய்யியல் நோக்கில் விரித்ததும் இக்குறையை உணர்ந்த முயற்சிகள்.

மூன்றாஞ் சூத்திரம் உயிர் உண்டு என நிறுவுகிறது. 'இது உயிர் அன்று, இது உயிர் அன்று' என ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டே போய், முடிவில் எதுவும் இல்லை என்கிறான் சூனியவாதி. அவ்வாறு 'இல்லை' என்று அறிந்து சொல்வது எதுவோ அதுவே உயிர் என்கிறார் மெய்கண்டார். மறுப்பவனது மறுப்பே மறுக்கப்படும் பொருளை முன்வேண்டுகிறது என்னும் இவ்வாத வடிவம் முன்னிபந்தனை வாதமே. ஆனால் இங்கேயே காண்டின் கடுமையான தடையும் எழுகிறது. 'நான் எண்ணுகிறேன்' என்பது எண்ணங்களைப் பிணிக்கும் ஓர்மை மட்டுமே. அதிலிருந்து 'நான் ஒரு நிலையான பொருள்' எனப் பெறுவது போலிவாதம் என்று தம் நூலில் விரிவாக எழுதியவர் அவர். இத்தடை மெய்கண்டாருக்கும் பொருந்துமா?

முழுமையாகப் பொருந்தாது என்பது என் கருத்து. சூத்திரம் சூனியவாதியை மறுத்ததோடு நின்றுவிடவில்லை. 'எனது உடல்' என்கிறோம், ஆதலால் உடல் உயிரன்று. ஒவ்வொரு புலன் ஒவ்வொன்றையே அறிய, ஐந்தையும் ஒன்று அறிகிறது, ஆதலால் புலன் உயிரன்று. உறக்கத்தில் மூச்சு ஓடியும் நுகர்ச்சி இல்லை, ஆதலால் மூச்சு உயிரன்று என வரிசையாக விலக்கிச் சென்று, உணர்த்தினால் மட்டுமே உணர்கிறது, ஆதலால் அது பிரமமும் அன்று என்று கூறுகிறது. கடைசியிற் கூறிய இந்த ஏதுவே சித்தாந்தத்தின் உயிர்நிலை. வெறும் ஓர்மையிலிருந்து ஒரு முழுமையான, தன்னிறைவுடைய ஆன்மாவைப் பெறுவதைத்தான் காண்ட் போலிவாதம் என்றார். மெய்கண்டார் பெறுவதோ தன்னிறைவு இல்லாத, பிறர் உணர்த்த வேண்டிய ஓர் அறிவை.

இங்கே இருவரும் பிரியும் இடம் தெளிவாகத் தெரிகிறது. காண்ட் அறிவின் வெற்றியிலிருந்து தொடங்குகிறார்: கணிதம் நிற்கிறது, நியூட்டனின் இயற்பியல் நிற்கிறது; இவ்வறிவு எவ்வாறு இயன்றது என வினவுகிறார். மெய்கண்டார் அறிவின் தளர்ச்சியிலிருந்து தொடங்குகிறார். உறங்குகிறோம், மறக்கிறோம், கண்ணெதிரே இருப்பதை மனம் வேறிடத்திற் சென்றபோது காணாதிருக்கிறோம், ஒருவர் சுட்டிக்காட்டிய பின் 'ஆம், அதுவே' என்கிறோம். நான்காம் சூத்திரம் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்னும் ஐந்து அவத்தைகளை விரிப்பது யோகிகளின் அனுபவத்தைப் பாடுதற்கன்று. அறிவு என்பது வந்து போவது, கூடிக் குறைவது என்னும் சான்றைத் திரட்டுவதற்கு. அறியும் ஆற்றல் உயிருக்கு இயல்பாகவே உண்டு. ஆயினும் அறிதல் எப்போதும் நிகழவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்பின், ஆற்றலைச் செயற்படுத்துவது ஒன்று வேண்டும் என்பது பெறப்படும்.

மாயையிலிருந்து தோன்றும் கலை, வித்தை, அராகம், காலம், நியதி என்பவை அவ்வாறு வேண்டப்படும் கருவிகள். ஆணவத்தால் மூடப்பட்ட உயிரின் ஆற்றலைச் சிறிது விளக்குவது கலை. அறிவை எழுப்புவது வித்தை. இச்சையைத் தூண்டுவது அராகம். இன்ன பொழுது என வரையறுப்பது காலம். இன்னார்க்கு இது என நிறுத்துவது நியதி. காலம் இரு மெய்யியலாரிடத்தும் அறிவின் முன்னிபந்தனையாகவே வருவதால் ஒப்பீட்டாளர்க்கு இவ்விடம் கவர்ச்சியானது. ஆனால் காண்டுக்குக் காலம் அறிபவனின் புலனுணர்வு வடிவம். அறிபவனை நீக்கிவிட்டால் காலம் இல்லை. சித்தாந்திக்குக் காலம் சடமான ஒரு தத்துவம். உயிருக்குப் புறத்தேயிருந்து அளிக்கப்பட்டது. மாயையின் காரியமாதலின் உள்பொருள். நிபந்தனை என்பது ஒன்று; அது இருக்கும் இடம் முற்றிலும் வேறு. தத்துவம் முப்பத்தாறு என்பதும் வகைமை பன்னிரண்டு என்பதும் தமக்குள் ஒத்த ஒரு குறையையும் உடையன. ஏன் அத்தனை, ஏன் கூடவோ குறையவோ இல்லை என்று வினவினால் இரு மரபிலும் தெளிவான விடை இல்லை. காண்டுக்குப் பின்வந்தோர் பன்னிரண்டைக் கைவிட்டும் வாதத்தைக் காத்துக்கொண்டனர். முப்பத்தாறில் ஒன்றைக் குறைக்க நம்மில் எவரும் துணிந்ததில்லை.

ஐந்தாம் சூத்திரத்தில் மெய்கண்டார் ஓரடி மேலே செல்கிறார். கண் முதலிய பொறிகள் உயிரின் துணையால் புலன்களை அறிகின்றன; ஆயினும் தம்மையும் தம்மைச் செலுத்தும் உயிரையும் அவை அறிவதில்லை. அதுபோல உயிர்கள் இறைவன் துணையால் அறிகின்றன; காந்தத்தின் முன் இரும்பு அசைவதுபோல. இதனையே மரபு காட்டும் உபகாரம் என்று வழங்கும். இவ்வாதத்தில் ஒரு நலிவு உண்டு. கண் சடம், உயிர் சித்து. சடமான கருவி தானே அறியாது என்பதிலிருந்து, சித்தான உயிரும் தானே அறியாது என்று பெறுவது எங்ஙனம்? எடுத்துக்காட்டு ஒருபுடையே ஒக்கிறது என உரைமரபு கூறி அமையும். அது போதாது. ஐந்தாம் சூத்திரத்தைத் தனியே நிறுத்தினால் வாதம் வீழும். மூன்று, நான்காம் சூத்திரங்களில் திரட்டிய தளர்ச்சிச் சான்றோடு சேர்த்துப் படித்தாலே நிற்கும். உயிரைச் சடத்தோடு ஒப்பிடுவதற்கு உரிமை தருவது உறக்கமும் மறதியுமே.

ஐரோப்பாவில் இவ்வகை வாதங்களின் பிற்கால வரலாறு இங்கே நமக்கு உதவுகிறது. இலண்டன் ஈலிங்கில் பிறந்த பி. எஃப். ஸ்ட்ராசன் 1966இல் வெளியிட்ட காண்ட் ஆய்வில், அனுபவத்தின் கட்டமைப்பைக் காட்டும் வாதத்தையும், பொருள்கள் தோற்றங்களே என்னும் கொள்கையையும் பிரித்து, முன்னதைக் கொண்டு பின்னதைத் தள்ளினார். இரண்டாண்டு கழித்து, 1968இல், பாரி ஸ்ட்ரௌட் ஒரு தடை எழுப்பினார். இவ்வாதங்கள் 'இப்படி நாம் நம்பியே ஆகவேண்டும்' என்று மட்டுமே காட்டும். 'இப்படித்தான் இருக்கிறது' என்று காட்டா. சூனியவாதி மறுக்க இயலாமற்போவதால் உயிர் இருப்பதாக முடியுமா என்ற வினாவை மெய்கண்டாரிடமும் இவ்வாறே கேட்கலாம்.

இதற்கு விடை தேடச் சித்தாந்தத்தின் அளவையியலுக்குள் செல்லுதல் வேண்டும். காணப்பட்டது வேறெவ்வாறும் பொருந்தாமையால் காணப்படாத ஒன்றைக் கொள்வதை அருத்தாபத்தி என்பர். தமிழில் 'பொருள்' என்னும் அளவை. பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான், ஆதலால் இரவில் உண்கிறான் என்பது வழக்கமான எடுத்துக்காட்டு. முன்னிபந்தனை வாதத்துக்கு நம் மரபில் மிக அண்மையது இதுவே. மீமாஞ்சகர் இதனைத் தனி அளவையாகக் கொண்டனர். அருணந்தி சிவாசாரியாரோ சித்தியார் அளவை இயலில் பத்து அளவைகளை எண்ணிய பின், அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். பொருள் என்பது கருதலில் அடங்கிவிடுகிறது. இது வெறும் எண்ணிக்கைச் சுருக்கம் அன்று. கருதலளவைக்கு உடனிகழ்ச்சியும் உலகியல் எடுத்துக்காட்டும் வேண்டும். 'அப்படிக் கொள்ளாமல் எண்ணவே முடியாது' என்பது மட்டும் சித்தாந்திக்குச் சான்றாகாது. ஸ்ட்ரௌட் தாக்கிய கோட்டைக்குள் சித்தாந்தி குடியிருக்கவே இல்லை. அவர் நம் எண்ணத்தின் கட்டாயத்திலிருந்து வாதிடவில்லை. கண்ட நிகழ்ச்சிகளிலிருந்து வாதிடுகிறார். அதனால் வேறு வகையில் தாக்கப்படலாம்: எடுத்துக்காட்டு பொருந்தாது எனலாம், உறக்கத்துக்கு உடலியல் விளக்கம் கூறலாம். சித்தாந்தம் இன்று எதிர்கொள்ள வேண்டிய தடை இதுவே. மூளை ஆய்வாளர் மறதிக்குக் கூறும் காரணங்களின் முன் 'உணர்த்த உணர்தல்' என்ன ஆகும் என்பதைச் சித்தாந்த அறிஞர் இன்னும் வாதமாக எடுத்து எழுதவேண்டியுள்ளது. மேலும், உணர்த்துவது ஒன்று வேண்டும் என்பது நிறுவப்பட்டாலும், அது சிவமே என்பது அறிவாராய்ச்சியால் மட்டும் பெறப்படாது. அதற்கு உலகின் தோற்ற ஒடுக்கங்களைக் கொண்டு வாதிடும் முதலிரு சூத்திரங்களின் துணை வேண்டும்.

ஆறாம் சூத்திரம் காண்டுக்கு நேர் எதிர். சுட்டி அறியப்படுவன யாவும் தோன்றி அழிவன, ஆதலின் அசத்து. எவ்வாற்றானும் அறியப்படாதது முயற்கோடுபோல இல்பொருள். சிவம் இரண்டும் அன்று. அறியவே இயலாத, ஆனால் எண்ணத்தக்க 'தன்னளவிற் பொருள்' என்னும் காண்டின் கொள்கையை மெய்கண்டார் முன் வைத்திருந்தால், அது இல்பொருளின் பக்கத்திற் சேர்ந்திருக்கும். டி. ஆர். வி. மூர்த்தி 1955இல் இலண்டனில் வெளியான தம் நூலில் நாகார்ச்சுனரைக் காண்டோடு ஒப்பிட்டார். அறிவின் எல்லையைக் காட்டி அப்பால் மௌனம் காக்கும் மாத்தியமிகர்க்கு அது பெரிதும் பொருந்தும். சித்தாந்தி அவ்வெல்லையில் நிற்பவர் அல்லர். பாசஞான பசுஞானங்களுக்கு எட்டாதது பதிஞானத்துக்கு எட்டும் என்பவர். காண்ட் இதனை மனிதர்க்கில்லாத அறிவுக்கண் என்று விலக்கியிருப்பார். சிவஞான முனிவர் 1785இல் மறைந்தார் என்பர். காண்டின் நூல் முதலில் அச்சேறியபோது அவர் உயிரோடு இருந்தார். தம் காலத்து வேதாந்தியரையும் பிறரையும் விடாது மறுத்த அந்த மாபாடியகாரர் கையில் இந்நூல் கிடைத்திருப்பின், புகழுரை கிடைத்திராது. விரிவான மறுப்பொன்று நமக்குக் கிடைத்திருக்கும்.

இறுதியாகக் கிரீன். இறைவன் உயிர்க்கு அறிவிக்கிறான் என்பதும், நித்தியப் பேரறிவு மனித அறிவில் தன்னை வெளிப்படுத்துகிறது என்பதும் முதற்பார்வையில் ஒன்றே எனத் தோன்றும். பின்னதில் அறிபவன் உண்மையில் அப்பேரறிவே. மனிதன் அதன் வாயில். பதினோராம் சூத்திரம் இதற்கு இடந்தரவில்லை. கண்ணுக்குக் காட்டும் உயிர் தானும் உடனிருந்து காண்பதுபோல, உயிருக்குக் காட்டும் இறைவன் தானும் உடனிருந்து காண்கிறான் என்பது அங்குக் கூறப்படும் காணும் உபகாரம். முத்தியிலும் காண்பது உயிரே; துணை நீங்குவதும் இல்லை, உயிர் துணையாக மாறிவிடுவதும் இல்லை. காண்டின் வழிவந்த ஃபிக்டேயும் ஹெகலும் கிரீனும் ஒவ்வொரு வகையில் நிபந்தனையை அறிபவனுக்குள் கரைத்துவிட முயன்றனர். மெய்கண்டார் மரபு அக்கரைப்பைப் பிரமான்மவாதம், ஐக்கியவாதம் என்னும் பெயர்களில் முன்னரே அறிந்து, ஏதுக் காட்டி மறுத்து வந்துள்ளது. அம்மறுப்புகள் மாபாடியத்தில் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன; ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற ஒப்பீடுகளில் அவற்றுக்கு இடம் மிகக் குறைவு.